பூச்சிமருந்துக் கடை மீது நான் கொடுத்த தவறான புகார்

பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் எழுதி வாங்கப்பட்டுவிட்டன. வயது ஐம்பத்து நான்கு. பிளாஸ்டிக் வாளி, குடம், டிரம், கயிறு ஆகியவற்றை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். கடைத்தெருவில் வாளிக்காரர் என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். சைக்கிளில் வாளிகளைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவி விற்று மேலே வந்தவன். எழுதப் படிக்கத் தெரியும். இருபத்து மூன்று நாட்களுக்கு முன் இதே நிலையத்தில், இதே பெஞ்சில் உட்கார்ந்து, பூச்சிமருந்துக் கடை நடத்தும் அம்மாள் போலி மருந்து விற்றதாகப் புகார் கொடுத்தேன். அந்தப் புகார் தவறு. அந்த அம்மாளின் உரிமத்தை ரத்து செய்வதா வேண்டாமா என்ற விசாரணை நாளை மறுநாள் காலையில் நடக்கிறது. அதற்கு முன் இந்த வாக்குமூலம் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்காக நானாகவே வந்திருக்கிறேன்.

என் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் இரண்டு கொய்யா, இரண்டு மாதுளை, ஓர் எலுமிச்சை, சுவரோரம் மூன்று பப்பாளி இருந்தன. எல்லாம் என் கையால் குழி வெட்டி வைத்தவை. இந்த வருடம் கொய்யாவில் மாவுப்பூச்சி விழுந்தது. இலைக்கு அடியிலும் காய்க் காம்பிலும் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக இருக்கும். முதலில் பூச்சி பிடித்த கிளைகளை வெட்டி எரித்தேன். அதன் பிறகு, எறும்புதான் இந்தப் பூச்சியைக் கிளைக்குக் கிளை தூக்கிக்கொண்டு போய்க் குடிவைக்கிறது என்று தெரிந்ததால், அடிமரத்தில் துணி சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவினேன். அதன் பிறகு வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரும் வேப்பெண்ணெயும் கலந்து அடித்தேன். மாதுளை தப்பியது. கொய்யா இரண்டும் அடங்கவில்லை.

அதன் பிறகுதான் அந்த அம்மாளின் கடைக்குப் போனேன். கேட்டவுடன் பாட்டிலை எடுத்து நீட்டவில்லை. இலையைக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் இலையைக் கவரில் போட்டுக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பாட்டில் கொடுத்து, கண்ணளவில் ஊற்றக் கூடாது, மூடியால் அளக்க வேண்டும், காற்று இல்லாத காலை நேரத்தில் அடிக்க வேண்டும், அடித்தபின் பதினைந்து நாள் காய் பறிக்கக் கூடாது என்று சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன். "எல்லாம் தெரிஞ்சவங்கதான் அண்ணே அடுத்த வாரம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாங்க" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் நான் ஆடிய ஆட்டத்தில் அதற்கும் பங்கு உண்டு.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பின்கட்டில் மாட்டியிருந்த முதுகுத் தெளிப்பானை எடுத்தேன். மருந்தை மூடியால் அளந்து ஊற்றினேன். மேல்கோடு வரை தண்ணீர் பிடித்தேன். உள்ளே குனிந்து பார்க்கவில்லை. இதைச் சுருக்காமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் கடையில் திரும்பி வந்த டிரம்மை மூக்கை விட்டு முகர்ந்து பார்த்து, இரண்டு தண்ணீர் அலசாமல் அடுத்தவருக்குக் கொடுத்தது கிடையாது. முகராமல் கொடுத்த ஒரு வேலைக்காரரை அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் என் வீட்டுத் தெளிப்பானை முகரவில்லை. கொய்யாவுக்கு அடித்து, கலந்த மருந்து மீதம் இருந்ததால் மாதுளைக்கும் எலுமிச்சைக்கும் பப்பாளிக்கும் அடித்தேன். பாட்டிலில் இருந்த மருந்தில் கொஞ்சத்தை, எதிர்வீட்டுத் தையற்காரர் தன் கொய்யாவுக்குக் கேட்டதால், சின்னப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பப்பாளியின் தலை மூன்றும் தொங்கிப்போயின. கொய்யாக் கொழுந்து கயிறு முறுக்கியதுபோல முறுக்கிக்கொண்டது. மாதுளைப் பூவும் பிஞ்சும் கூடைக் கணக்கில் கீழே கிடந்தன. ஐந்தாம் நாள் பப்பாளித் தண்டு வெடித்து நீர் வடிந்தது. எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது.

அன்று காலை பதினோரு மணிக்கு நானும் என் மனைவியின் தம்பியும் அந்தக் கடைக்குப் போனோம். அவர் என் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். அவருடைய பைக்கில்தான் போனோம். கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். நான் முறுக்கிய கிளையைக் கல்லாவில் போட்டு, போலி மருந்து விற்கிறாய் என்றும், மரத்தைக் கொன்ற கொலைகாரி என்றும், இங்கே எழுத முடியாத வேறு சில வார்த்தைகளையும் சொன்னேன். அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. கிளையை எடுத்துப் பார்த்தார். "இது என் மருந்து செஞ்ச வேலை இல்லண்ணே. தெளிப்பான்ல இதுக்கு முன்னாடி என்ன ஊத்தினீங்க?" என்று கேட்டார்.

கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. பதில் சொன்னவர் என் மைத்துனர். "ஒண்ணும் ஊத்தலக்கா. அது எங்க வீட்டுத் தெளிப்பான், சுத்தமா இருக்கும். பேச்சை மாத்தாதீங்க" என்றார். நான் அதைக் கேட்டதும், தன் தப்பை என் தெளிப்பான்மேல் போடப் பார்க்கிறாள் என்று நினைத்து, அங்கிருந்த தராசுக் கல்லை எடுத்துக் கல்லாக் கண்ணாடியில் அடித்தேன். கண்ணாடி உடைந்தது. அந்த அம்மாளின் புறங்கையில் கீறல் விழுந்தது. அதன் பிறகு நேராக இங்கே வந்து புகார் கொடுத்தேன். வேளாண்மை அலுவலர் வந்து மாதிரி எடுத்துக்கொண்டு கடைக்கு முத்திரை வைத்தார். பரிசோதனை முடிவு வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். பூச்சி விழுகிற பருவம் முழுக்க அந்தக் கடைக் கதவு கீழே இறங்கிக் கிடக்கிறது.

அதன் பிறகு, எட்டு நாட்களுக்கு முன் எதிர்வீட்டுத் தையற்காரர் என்னைக் கூப்பிட்டுத் தன் கொய்யாவைக் காட்டினார். "மருந்துன்னா இதான் மருந்து. ஒரு பூச்சியக் காணோம். உங்க மரத்துக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சு?" என்றார். அவர் மரம் பச்சைப் பசேல் என்று துளிர் விட்டிருந்தது. அதே பாட்டில், அதே மருந்து. அவர் தன் சொந்தக் கைத்தெளிப்பானில் அடித்திருந்தார். அப்போதுதான் என் தெளிப்பான்மேல் சந்தேகம் வந்தது.

நான் யார் சொன்னாலும் நம்புகிறவன் இல்லை, சோதித்துப் பார்க்கிறவன். நான்கு தக்காளிச் செடிகளைத் தொட்டியோடு வாங்கினேன். என் தெளிப்பானில் வெறும் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி இரண்டு செடிகளுக்கு அடித்தேன். மற்ற இரண்டுக்குச் செம்பிலிருந்து தண்ணீர் தெளித்தேன். நான்காம் நாள் முதல் இரண்டும் சுருண்டு, என் கொய்யாக் கொழுந்தைப்போலவே முறுக்கிக்கொண்டன. மற்ற இரண்டும் நன்றாக இருந்தன. நான்கு தொட்டிகளையும் நிலையத்து வாசலில் இறக்கி வைத்திருக்கிறேன். பார்வையிட்டுக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு நேற்று மதியம் வீட்டில், தெளிப்பானை யார் எடுத்தது என்று கேட்டேன். என் மனைவி சுவரைப் பார்த்தார். மைத்துனர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"வீடு கட்டப்போற மனையில புதர் மண்டியிருந்துச்சு மாமா. களைக்கொல்லி அடிக்க எடுத்தேன்."

"கழுவினியா?"

"வெளிய நல்லாத் துடைச்சுத்தான் மாட்டினேன்."

"உள்ள?"

"அடியில கொஞ்சம் இருந்துச்சு. வீணாக்க வேணாமேன்னு விட்டேன்."

"அன்னைக்கு அந்தம்மா கேட்டப்ப ஏன்டா சொல்லல?"

"நீங்க கத்திக்கிட்டு இருந்தீங்க. நடுவுல புகுந்து எப்படிச் சொல்றது?"

"உண்மையச் சொல்ல நடுவுல புக முடியல. பொய்யச் சொல்ல மட்டும் புகுந்தியா?"

அவர் தட்டோடு எழுந்து போனார். என் கோபத்துக்குப் பயந்து அதை வேறொருவர் தலையில் திருப்பிவிட்டு, நான் கண்ணாடியை உடைக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறார். புகாரில் சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். இருபத்து மூன்று நாள் என் கிடங்குக்கு வந்து, என்னோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். தெளிப்பானையும், அவர் மனையில் கிடந்த களைக்கொல்லிப் பாட்டிலையும் இத்துடன் ஒப்படைக்கிறேன்.

இன்று காலை அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனேன். கையில் கட்டு இல்லை, தழும்பு இருந்தது. உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடி நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "கொலைகாரின்னு சொன்னப்ப நாலு பேர் முன்னால சொன்னீங்க. மன்னிப்பு மட்டும் ஏன் வாசல்ல, ரகசியமா? எங்க போய்ச் சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க" என்று கதவைச் சாத்தினார். அவர் சொன்னது நியாயம். அங்கிருந்து வீட்டுக்குப் போய், தொட்டிகளை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன்.

கிளம்பும்போது என் மனைவி, "ரெண்டு கொய்யா மரத்துக்காக என் தம்பியப் போலீஸ்ல மாட்டி விடுவீங்களா?" என்று கேட்டார். மரத்துக்காக இல்லை. வெட்டிவிட்டால் கொய்யா மறுபடி துளிர்க்கும். பூட்டிய கடைக்காக. வியாபாரத்துக்குக் கிளம்ப முடியாத ஒரு காலை என்றால் என்ன என்று சைக்கிளில் வாளி விற்றவனுக்குத் தெரியும். அதை நானே இன்னொருவருக்குச் செய்திருக்கிறேன். தவறான புகார் கொடுத்ததற்கும், கண்ணாடியை உடைத்ததற்கும், கையில் காயம் ஏற்படுத்தியதற்கும் என்மேல் என்ன வழக்கு உண்டோ போடட்டும். வக்கீலைக் கேட்டுவிட்டு வா என்று ஆய்வாளர் ஐயா நல்ல மனதோடு சொன்னார். கேட்டால் வரமாட்டேன் என்று தெரிந்துதான் கேட்காமல் வந்தேன்.

எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். மைத்துனர் கடையில் சொன்ன பதில், "தெரியாமல் சொன்னதாக" எழுதப்பட்டிருந்தது. குடும்ப விஷயம், இப்படியே இருக்கட்டும் என்றார் எழுத்தர். அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னேன். தெரிந்தே சொன்னார். அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது.

இதில் உள்ள ஒவ்வொரு வரியும் நான் சொன்னது, நடந்தது நடந்தபடி இருக்கிறது. இதைச் சொல்லச் சொல்லி யாரும் என்னை மிரட்டவில்லை. சொல்லாதே என்று மிரட்டியவர்கள் என் வீட்டில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு நகல் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
வாளிக்கடை உரிமையாளர்

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, எழுதி, படித்துக் காட்டப்பட்டது. ஓர் இடத்தில் அடித்தல் உண்டு. தெளிப்பான் ஒன்று, பாட்டில் ஒன்று, தக்காளித் தொட்டிகள் நான்கு பெற்றுக்கொள்ளப்பட்டன.

(ஒப்பம்)
நிலைய எழுத்தர்