ஒரே அடியில் நின்ற மணி

திருமங்கலம் பேருந்து. திருநகரில் ஏறித் தன் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் என் முன்சீட்டுக்காரர் சொன்னார்:

"காலைத் தள்ளி வைங்க மாப்ள. சாக்குக்குள்ள சர்ச் மணியோட நாக்கு இருக்கு."

"ஒடஞ்சிருச்சா மாமா?"

"புதுசுதான். நேத்து கல்யாணத்துக்கு ஒரே அடி, ரெண்டாப் போச்சு. வார்ப்பு இரும்புல்ல? பட்டறையில காய்ச்சி அடிச்சு வாங்கியிருந்தா அடி தாங்கியிருக்கும்."

"அப்ப மணியையும் காய்ச்சி அடிச்சே செஞ்சிருக்கலாமே?"

"மணியை வார்த்தாத்தான் நாதம் வரும்."

"அப்ப வார்ப்பு நல்லதா, கெட்டதா?"

"மணிக்கு நல்லது. நாக்குக்குக் கெட்டது."

"ஒண்ணும் வெளங்கலை மாமா."

எனக்கும்தான். குறுக்கே புகுந்து கேட்பது நாகரிகமில்லை.

"ஊருக்கும் வெளங்கலை. துக்கத்துக்குத்தான விட்டு விட்டு ஒத்த அடி அடிப்போம்? அடிச்ச மணி ஒண்ணோட நிக்கவும் சாவுன்னு நெனச்சுட்டாங்க. அவங்கவங்க வீட்டுப் பெருசுகளை உசுப்பிப் பார்த்திருக்காங்க."

"செத்தது யாருன்னு தெரியாமலேயா?"

"தெரியாமத்தான். நான் வீட்டுக்குப் போயி உக்காரவும் ஒருத்தரு மாலையோட வாசலுக்கு வாராரு. என்னையப் பார்த்ததும் அப்படியே திரும்பிட்டாரு."

"யாருக்கு மாலைன்னு கேட்டீங்களா?"

"கேக்கலை மாப்ள."