நாய்க்குச் சைக்கிள் பழக்குகிறவர்கள்

சாம்பல்தீவு பஸ்ஸில், தடுப்பூசி போட்ட மகளுக்குக் காய்ச்சல் வந்துவிடுமோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஒரு பெண் தன் கணவரின் தங்கையிடம் சொன்னாள்:

“காலமையும் பின்னேரமும் நாய்க்குச் சைக்கிள் ஓட்டவேணும், மச்சாள். அதுதான் கலியாணவீட்டுக்கு வர ஏலாமப் போச்சு.”

“நாய்க்குச் சைக்கிளோ?”

“படுக்கவைச்சுப் பின்னங்காலைப் பிடிச்சு, மிதிக்கிற மாதிரிச் சுத்திவிடுறது. ஓட்டோ அடிச்சதில இருந்து அவனுக்கு நடக்க ஏலாதெல்லோ. வீட்டுக்கு வாற மிருக டொக்டர் பிள்ளை காட்டித் தந்தவ. நிக்கப் பழக்க, வயித்துக்குக் கீழால என்ர கூறைச்சீலையைக் குடுத்துத் தூக்கிப் பிடிக்கிறன்.”

“ஐயோ, கூறைச்சீலையோ!”

“அதுதான் கிழியாது.”

“அண்ணா ஏசேல்லையோ?”

“அவராலதான் கரைச்சல். முந்தி இவற்ர வள்ளம் கரைக்கு வந்தவுடன மீனுக்கு ஓடிவாற நாய். இப்ப பாவமெண்டு இவரே வாயில கொண்டுபோய் ஊட்டுறார். பிறகு அவன் ஏன் எழும்புறான்? இப்பிடியே விட்டால் இனி நடக்கவே மாட்டான் எண்டு டொக்டர் பிள்ளை சொல்லிப்போட்டா. நான் போட்ட சண்டையில, நேற்று மீனைத் தள்ளிப் போட்டிட்டு மற்றப்பக்கம் திரும்பி நிண்டவர்.”

“பிறகு?”

ஒட்டுக்கேட்பது சரியில்லை என்று தெரிந்தும் முன்னால் சாய்ந்தேன்.

“விழுந்தான். எழும்பினான். திரும்பவும் விழுந்தான். கடைசியில, கால் நடுங்க நடுங்கத் தானே போய் எடுத்திட்டான்.”

“அண்ணா அழுதிருப்பாரே?”

“அழுதவர்தான். அழுதுகொண்டே அடுத்த மீனை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டவர்.”