பெல்ட்டைப் பிடித்த கை

மேடம், இந்த மேசை ஆடுகிறது. ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தால் நின்றுவிடும். எழுத்து அங்கங்கே கோணலாக இருந்தால் என் கை நடுங்கியதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் ஜெரி. சொந்த ஊர் ராயபுரம்தான். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் சினிமாவில் கேமரா யூனிட்டுக்குப் போனேன். கடைசிவரை கேமராமேன் வரதன் அண்ணன் ஒருவரிடம் மட்டுமே வேலை பார்த்தேன். அப்படி என்ன வேலை என்று நேற்று கேட்டீர்கள். ஓடி வருகிற நடிகனை முன்னாலிருந்து எடுக்க வேண்டுமென்றால் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடக்க வேண்டும். கேமராமேனின் கண் கேமராவிலேயே இருக்கும். முதுகுக்குப் பின்னால் குழி இருக்கிறதா, மாடு நிற்கிறதா என்று அவருக்குத் தெரியாது. அதனால் ஒருத்தன் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, பாதையைப் பார்த்தபடி, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே கூட வர வேண்டும். அந்த ஒருத்தன் நான். வலப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் வருவார். கீழே அழுத்தினால் படி இறங்குவார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

எங்கள் வடசென்னைப் பக்கத்தைப் படம் பிடிக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் கவனித்திருப்பீர்கள். அடையாறு, அண்ணா நகர் என்றால் கேமரா ஸ்டாண்டில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். பேசின் பிரிட்ஜைத் தாண்டியதும் அதற்குக் குளிர்காய்ச்சல் வந்துவிடும். காசிமேட்டில் ஒருத்தன் சும்மா நின்று டீ குடித்தாலும் பக்கத்தில் கொலை நடக்கப்போகிற மாதிரி படம் கிடந்து ஆடும். எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் நான் சாப்பிட்டதே அந்த ஆட்டத்தில்தான் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

டைரக்டர் எபினேசர் சாரின் முதல் படத்தில்தான் அது ஆரம்பித்தது. மீன் ஏலம் விடுகிற இடத்தில் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். தரையில் கிடந்த ஐஸ் துண்டில் என் கால் வழுக்கியது. விழாமல் இருக்க அண்ணனின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் உடம்பு குலுங்க, படமும் குலுங்கியது. திட்டு நிச்சயம் என்று தலையைக் குனிந்து நின்றேன். எபினேசர் சார் மானிட்டரை விட்டு எழுந்து வந்து அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இதுதான் உயிர், படம் முழுக்க இதே மாதிரி வேண்டும் என்றார். அண்ணன் சிரித்தபடி சரி என்றார். என் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

அதன் பிறகு நானே ஆட்ட ஆரம்பித்தேன். சண்டை என்றால் வெடுக்கென்று ஓர் இழுப்பு. அழுகை என்றால் மூச்சு வாங்குகிற மாதிரி மெதுவாக. பயம் என்றால் விரலை மட்டும் அசைப்பேன். அண்ணனிடம் சொல்லவில்லை. அவருடைய இடுப்பில் நடப்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. நடிகனை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பற்றி எழுதினார்கள். வரதனின் கேமரா மூச்சு விடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என் மனைவி ஆன்சியைக் கூட்டிக்கொண்டு போய்த் தியேட்டரில் காட்டினேன். இதோ இங்கே பார், இது என் கை, இதுவும் என் கை என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எனுக்குத் தல சுத்தி வாந்தி வர்ற மாறி கீது. நீ இன்னா இதுல பெருமை பேசிகினுகீற" என்றாள். இடைவேளையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டோம். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. எனக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

போதாது என்பது போன வருஷம்தான் தெரிந்தது. டிவிக்காரர்கள் அண்ணனைப் பேட்டி எடுத்தார்கள். அவருக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். அந்த ஆட்டத்தின் ரகசியம் என்ன என்று கேட்டார்கள். அது என் மூச்சு, சொல்லிக் கொடுக்க முடியாது என்றார். குடையைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பேட்டி முடிந்து அவர்கள் கிளம்பிய பிறகு, அண்ணா, அது என் கை என்று சொன்னேன். அவர் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் சிரித்தார். கேலிச் சிரிப்புகூட இல்லை மேடம், பாசமாகத்தான் சிரித்தார். தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"ஆட்டம் என்னுதுடா. நான் வுழாம பாத்துக்கிறது உன்னுது. நீ கீற தைரியத்துலதான் நான் ஆடுறேன்."

நல்ல மனுஷன். அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். பூசையில் முழங்கால் போட்டால் பாதியில் வெளியே வந்து சர்ச் வாசலில் நடப்பேன். இதை எழுதும்போதே இரண்டு தடவை ஜன்னல்வரை போய்விட்டேன், உங்கள் ஏட்டு உட்காரச் சொன்னார். நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. ஓடும் காட்சியில் ஒரு தடவை பெல்ட்டை விட்டுவிட வேண்டும். நான் விட்டால் படம் செத்துப்போய் அசையாமல் நிற்கும். மானிட்டரில் எபினேசர் சார் பார்ப்பார், ஆட்டம் எங்கே என்று கேட்பார். அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும். இதில் யாருக்கும் கெடுதல் இல்லை என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

அப்படியானால் அதை ரோட்டில் செய்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. எபினேசர் சார் இந்தப் புதுப் படத்தின் ஓட்டக் காட்சியை எண்ணூர் ரோட்டில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்தான் எடுப்பதாக இருந்தார். ரோடு சப்பென்று இருக்கிறது, கடலுக்குள் கருங்கல் கொட்டிக் கட்டியிருக்கிறார்களே தூண்டில் வளைவு, அதன் மேல் ஓடவிட்டால் எப்படி இருக்கும் என்று சொன்னது நான். அவருக்கு உடனே பிடித்துப்போனது. பாதை பார்ப்பது என் வேலை என்பதால் முந்தின நாளே போய்ப் பார்த்தேன். மேலே ஆள் நடக்கிற மாதிரிதான் இருந்தது. பாதித் தூரம் தாண்டி, இடது பக்கம், ஒரு கல் சரிந்து ஆள் இடுப்பளவுக்குப் பொந்து விழுந்திருந்தது. அடியில் அலை வந்து போய்க்கொண்டிருந்தது. வழக்கமாக அந்த மாதிரி இடத்தைப் பலகை போட்டு மூடுவேன், சுண்ணாம்பில் கோடாவது போடுவேன். காலையில் எபினேசர் சார் கேட்டபோது, பாதை சுத்தமாக இருக்கிறது என்று சொன்னேன்.

வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். நடிகன் ஓடி வந்தான். அண்ணன் அவனைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து வந்தார். மீன்காரர்கள் நட்டிருந்த கொடிக்கம்பத்தைத் தாண்டியதும் பெல்ட்டிலிருந்து கையை எடுத்தேன். ஆனால் தள்ளி வைக்கவில்லை, சட்டைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் பிடித்திருக்கிற மாதிரியே இருக்கும். வாயால் மட்டும் வழி சொல்லிக்கொண்டே வந்தேன். அவருக்கு வித்தியாசம் தெரிந்ததா என்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார். பொந்து வந்தது. நான் வலது பக்கம் ஒதுங்கிக்கொண்டேன்.

"போலாம்ண்ணா, கிளியரா கீது" என்றேன்.

அண்ணனின் கால் உள்ளே போனது. மல்லாந்து விழுந்தார். பின்மண்டை கல்லில் பட்ட சத்தத்தை எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் என் கை தானாக நீண்டு கேமராவைப் பிடித்துவிட்டது. விலையுள்ள பொருள், உப்புத் தண்ணீர் பட்டால் அவ்வளவுதான். அத்தனை குழப்பத்திலும் கேமராவைக் காப்பாற்றினாயே என்று யூனிட்டில் பாராட்டினார்கள். அடக்கத்தன்று அண்ணன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் கை ஆடியது, என் கை ஆடவில்லை.

ரோட்டில் விட்டிருந்தால் தடுக்கி விழுந்திருப்பார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்திருப்பார். யூனிட்டே சிரித்திருக்கும். மறுபடியும் என் தோளில் கையைப் போட்டிருப்பார். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை என்னால் தாங்கியிருக்க முடியாது. உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

விபத்து என்றே முடிந்திருக்கும். படம் எடுப்பதையே மேக்கிங் வீடியோவாக எடுக்கிற கௌசர், அந்தப் பெண் மட்டும் கேமராவைக் கையில் வைத்து ஆட்டாமல் ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு எடுத்துவிட்டாள். அதனால்தான் என் விரலுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி உங்களுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. கொடிக்கம்பத்திலிருந்து பொந்துவரை என் கை அவர் மேல் படவே இல்லை. அதை மறுக்கவில்லை.

அப்புறம் நீங்கள் லேப்டாப்பைத் திருப்பி, அண்ணன் எடுத்த கடைசிக் காட்சியைப் போட்டுக் காட்டினீர்கள். நான் எதிர்பார்த்த மாதிரி அது அசையாமல் நிற்கவில்லை. கொடிக்கம்பம் வருவதற்கு முன்னால் எப்படி ஆடியதோ, தாண்டிய பிறகும் அப்படியே ஆடியது. அதே மூச்சு, அதே துடிப்பு. திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன், நீங்களும் பொறுமையாகப் போட்டீர்கள். "பாத்தியா ஜெரி, நீ விட்டப்புறமும் ஆடுது. இவ்வளவுதானா உன் கை?" என்று கேட்டீர்கள்.

அதற்குப் பதிலை இப்போது யோசித்துவிட்டேன். இத்தனை வருஷம் நான் ஆட்டி ஆட்டி அவர் உடம்புக்கே அது பழகிவிட்டது. நான் விட்ட பிறகும் அங்கே ஆடியது என் கைதான். எபினேசர் சார் அந்தக் காட்சியைப் படத்தில் வைப்பதாகச் சொன்னீர்கள். வைக்கட்டும், நல்ல காட்சி. வரதன் அண்ணனை நான்தான் கொன்றேன், யோசித்துத்தான் கொன்றேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆட்டம் அவருடையது என்று மட்டும் என்னை எழுதச் சொல்லாதீர்கள்.