சேகாவா வீட்டுப் புத்தாண்டுக் கார்டு

— உங்க வீட்டுக்காரர் போனது ஜூன் மாசமா? ஆறு மாசம் ஆச்சா? நான் பாருங்க, இங்க உக்காந்து அவர் புத்தாண்டுக் கார்டுக்கு டிராகன் வெட்டிக்கிட்டிருக்கேன்.

— மன்னிக்கணும், தாச்சிகாவா சான். துக்க அறிவிப்பு எல்லாருக்கும் நவம்பர் கடைசியிலயே போட்டுட்டேன். நூத்தியிருபது கார்டு. உங்களுதை மட்டும் தபால்பெட்டி வரைக்கும் கொண்டுபோயி, என்னமோ, பையிலேயே திரும்பக் கொண்டுவந்துட்டேன். நேர்ல சொல்லணும்னு தோணுச்சு.

— அதுக்காக மத்சுவேயிலேர்ந்து குராஷிகிக்கு ரயிலேறி வந்தீங்களா, இந்தப் பனியில? வாசல்ல நின்னு "சேகாவா வீட்டிலேர்ந்து வர்றேன்"னு நீங்க சொன்னதும் கதவைச் சாத்திடலாமான்னு பாத்தேன். சண்டைக்கு வந்திருக்கீங்கன்னு நினைச்சேன்.

— சண்டையா? எதுக்குங்க?

— அட, வருஷா வருஷம் ஒருத்தி உங்க வீட்டுக்காரருக்குக் கையால கார்டு பண்ணி அனுப்பினா எந்த வீட்டம்மாவுக்குத்தான் பத்திக்கிட்டு வராது? சரி, எப்படிப் போனார்?

— தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கிட்டிருந்தார். அப்படியே சாஞ்சுட்டார். நெஞ்சு. கஷ்டப்படல.

— தக்காளி வளர்த்தாரா? எனக்குத் தெரியாது. அவரைப் பத்தி எனக்கு என்னதான் தெரியும்... தேநீர் ஆறுது, குடிங்க.

— தாச்சிகாவா சான், கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சு வராது. ஏதாவது வேலை குடுங்களேன்.

— வேலையா? இந்தாங்க, ரப்பர். இந்தாங்க, கத்தி. டிராகனுக்குக் கீழ முத்திரை குத்த ஒரு மேகம் வேணும், செதுக்குங்க. துக்க வீட்டுக்குப் புத்தாண்டுக் கார்டு அனுப்பக்கூடாது, இந்த டிராகன் எங்கேயும் போகப்போறதில்ல. ஆனா பாதியில நிறுத்தினா எனக்குத் தூக்கம் வராது.

— இந்தச் செதில் எல்லாம் மெஷின்ல வெட்டினதா?

— ஆமா. இரும்பு அச்சைக் காகிதத்து மேல வச்சுக் கைப்பிடியைச் சுத்தினா ஒரு சுத்துக்கு ஆறு செதில் விழும். கார்டுல வைக்கிற ஜன்னலும் அப்படித்தான். ஜன்னலைத் திறந்தா உள்ள ஏதாவது இருக்கணும் எனக்கு. ஒரு பழம், ஒரு பூனை. எடை கூடினா தபால்ல எடுக்க மாட்டாங்கன்னு சமையல் தராசுல வச்சு வச்சுப் பாப்பேன். உங்க வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பாப்பாரா?

— ஜன்னலை யாராவது திறக்காம இருப்பாங்களா?

— அப்பாடா. வீட்டம்மா, உங்ககிட்ட மறைக்கிறதுக்கு இனிமே என்ன இருக்கு? நாங்க ரெண்டு வருஷம் ஒரே அச்சகத்துல வேலை பாத்தோம். அவர் பார்சல் கட்டுவார், நான் சரிபார்ப்பேன். ஒண்ணும் நடக்கல. அவர் வேலையை விட்டுட்டு ஊருக்குப் போறப்போ ஸ்டேஷன்ல "புத்தாண்டுக்கு எழுதுங்க"ன்னார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு நான் முப்பத்திரண்டு வருஷம் ஓட்டிட்டேன், பைத்தியம்.

— பைத்தியம்னு சொல்லாதீங்க.

— முதல் வருஷம் கடையில வாங்கின கார்டு வந்துச்சு. "இந்த ஆண்டும் தங்கள் ஆதரவை நாடுகிறோம்." மளிகைக்கடை நோட்டீஸ் மாதிரி. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ரெண்டாவது வருஷம் பாருங்க, கையால செதுக்கின டர்னிப் கிழங்கு முத்திரை, பச்சை இலையோட. கீழ ஒரே வரி, "இங்கே பனி இடுப்பு வரை." நான் என்ன நினைச்சேன் தெரியுமா? மனுஷன் பேச ஆரம்பிச்சுட்டார்னு நினைச்சேன்.

— அந்த வருஷம் நிஜமாவே அவ்வளவு பனிதான்.

— அதுக்கப்புறம் எனக்கு டிசம்பர் வந்தா போதும். ஜனவரி ஒண்ணாம் தேதி காலையில தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டா, கட்டு முழுக்க எடுத்து, உங்க வீட்டுக் கார்டைக் கடைசியா வச்சுப் படிப்பேன். ஒரு தடவை எனக்கு இருமல்னு எழுதிட்டேன். "இருமல் தேவலையா? முள்ளங்கியைத் தேன்ல ஊறவச்சுக் குடிங்க"ன்னு பதில் அடுத்த ஜனவரிதான் வந்துச்சு. இருமல் போயி பதினோரு மாசம் ஆச்சு. நான் அன்னைக்கே போயி முள்ளங்கி வாங்கினேன். சிரிக்காதீங்க.

— சிரிக்கல.

— எங்க, மேகத்தைக் காட்டுங்க. ... இருங்க. நீங்க இடது கையா?

— ஆமா. பள்ளிக்கூடத்துல அடிச்சுக்கூடப் பாத்தாங்க. மாறல.

— கத்தியைத் திருப்பாம ரப்பரைத் திருப்புறீங்க. வளைவு முடியற இடத்துல ஒரு சின்னப் படி விடுறீங்க. வலப் பக்கமா.

— தாச்சிகாவா சான், அந்த டப்பாவை எதுக்கு எடுக்கிறீங்க?

— பேசாதீங்க. உங்க வீட்டுக் கார்டு எல்லாம் இதுலதான். டர்னிப், வலப் பக்கம் படி. இந்த முயல் காது, வலப் பக்கம் படி. ஆந்தை, குதிரை, பிளம் பூ. எல்லாத்துலயும் அதே படி. சேகாவா சான் வலது கைக்காரர். ரெண்டு வருஷம் அவர் பார்சல் கட்டினதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தவ நான். இது எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?

— மன்னிக்கணும். இதைச் சொல்லத்தான் வந்தேன். வாய் வரல.

— முள்ளங்கி?

— நான்தான். எங்கம்மாவோட கைவைத்தியம்.

— எங்கம்மா செத்துத் துக்கம் கழிஞ்ச மறுவருஷம், "சாப்பாட்டை விட்டுடாதீங்க"ன்னு?

— நான்தான். டர்னிப்லேர்ந்து எல்லாமே நான்தான். அந்த வசந்தத்துலதான் கல்யாணமாகி வந்தேன். டிசம்பர் வந்ததும் அவர் பேர்ப் பட்டியலையும் கார்டுக் கட்டையும் என் முன்னால வச்சுட்டு டிவி பாக்கப் போயிட்டார். கை வீட்டுக்காரியோடது, பேர் வீட்டுக்காரரோடது. எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதானே. நீங்க தனியா இருந்து உங்க கார்டை நீங்களே எழுதினவங்க, உங்களுக்கு அது தோணல.

— அவர் பாக்கவே மாட்டாரா?

— பொய் சொல்ல மாட்டேன். கையில எடுப்பார். "ஓ, இவங்களா"ன்னுவார். திருப்பிக் கீழ தபால் இலாகா அச்சடிச்சிருக்கிற குலுக்கல் நம்பரைப் பாப்பார். உங்க கார்டுக்கு நாலு தடவை தபால்தலை பரிசு விழுந்துச்சு.

— ஜன்னல்?

— நான்தான் திறப்பேன். அவர் தூங்கினப்புறம்.

— அட கடவுளே. நாலு தபால்தலை.

— மாமியார் வீட்டுல என்னோட யாரும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாங்க. வந்த புதுசுல, அந்த ஜனவரியில வீட்டுக்கு வந்திருந்த நூத்தி நாப்பது கார்டையும் எடுத்துப் பாத்தேன், ஒண்ணுகூட எனக்கில்ல. உங்களுதுல ஒரு ஜன்னல். திறந்தேன், உள்ள ஒரு பேரிக்கா. என்னமோ, எனக்குன்னே வந்த மாதிரி இருந்துச்சு. வர்ற புத்தாண்டுக்குப் பதில் போடணும்னு ரப்பர் வாங்கிச் செதுக்கப் பழகினேன். விரல் எல்லாம் வெட்டு.

— நான் அவர்மேல ஆசை வச்சிருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

— மூணாவது வருஷமே தெரிஞ்சுபோச்சு.

— தெரிஞ்சும் நிறுத்தல?

— நிறுத்தினா நீங்களும் நிறுத்திடுவீங்களே.

— வீட்டம்மா, ஏழாவது வருஷம் எனக்கு ஒரு சம்பந்தம் வந்துச்சு. நல்ல மனுஷன், பல் டாக்டர். புத்தாண்டு பொறந்ததும் பதில் சொல்றேன்னேன். ஒண்ணாம் தேதி இந்த ஆந்தை வந்துச்சு. "அடுத்த ஆண்டும் உங்கள் ஜன்னலுக்குக் காத்திருப்பேன்." வேண்டாம்னுட்டேன். ஒரே ஒரு வரிக்காக. அது உங்க வரி. ஏதாவது சொல்லுங்க!

— என்ன சொல்றது? அந்த வரி பொய் இல்ல. அதைத் தவிர என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. நான் கிளம்பறேன், நாலு மணி வண்டி இருக்கு. இந்தத் துக்கக் கார்டைப் பெட்டியில போட்டிருந்தா நீங்க ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுட்டு அவரை நல்லவராவே வச்சிருந்திருப்பீங்க. அதுதான் நியாயம். ஆனா அதோட உங்க கார்டும் நின்னுடும். செத்தவருக்கு யார் எழுதுவாங்க? அதைத்தான் என்னால தாங்க முடியல. புருஷன் போனதுக்குக்கூட இவ்வளவு பயப்படல நான்.

— உக்காருங்க.

— இல்ல, நான்...

— உக்காருங்கங்கறேன். கோபம் ஒண்ணும் போகல, சீக்கிரம் போகவும் போகாது. ஆனா ஒண்ணு கேளுங்க. கொஞ்ச நேரமா அவர் முகத்தை ஞாபகப்படுத்திப் பாக்கறேன். கண்ணாடி போட்டிருந்தாரா இல்லையான்னுகூடத் தெரியல. ஸ்டேஷன் தெரியுது, கோட்டு தெரியுது, முகம் இல்ல. இந்தக் கார்டு எல்லாம் கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன், எந்த வருஷம் எந்த வரின்னு.

— எனக்கும் அப்படித்தான். உங்க ஜன்னல் எல்லாம் வரிசையாத் தெரியும்.

— மேகத்தை முடிங்க, பாதியில நிக்குது. டிராகன் அனுப்ப முடியாதுதான். ஜனவரி ஏழோட புத்தாண்டு முடிஞ்சுடும், அப்புறம் குளிர் விசாரிச்சு ஒரு கார்டு போடலாம், அதுக்குத் துக்கம் தடையில்ல.

— எனக்கா?

— பின்ன, தக்காளிச் செடிக்கா? பாருங்க, பேனா எடுத்துட்டேன். விலாசம் எனக்கு மனப்பாடம். உங்க பேர் என்ன, சொல்லுங்க. முப்பத்தோரு வருஷமா நான் யாருக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்னு எனக்குத் தெரிய வேணாமா?