நாலு விரல் இடது

கரீம்: …இன்னிக்கு வெள்ளிக்கெழம ஹவில்தார் சார். பல்லாவரம் சந்தைக்கு வர்றவங்க கோழி வாங்குவாங்க, செடி வாங்குவாங்க. நீங்க இன்னாடான்னா என் கண்ணாடிக் கடைக்கு வந்து அடுத்தவங்க கண்ணப் பத்திப் பேசினுகீறீங்க.

சக்திவேல்: அவசரம் பாய். திங்கக்கெழம காலைல ரிப்போர்ட் குடுக்கணும். உங்க பொண்ணு இல்லியா? அதுகிட்டதான் கேக்கணும்.

நிகத்: இருக்கேண்ணா. உள்ள ஒரு ஃப்ரேம் மாட்டிட்டு இருந்தேன். என்ன, போன தடவ போட்ட படிக்கிற கண்ணாடி உடைஞ்சிடுச்சா?

சக்திவேல்: அது நல்லா கீதும்மா. இது வேற. கேம்ப்ல நான் துப்பாக்கி சுடச் சொல்லித் தர்றேன்ல… அதுல ஒரு பொண்ணு. தேவதர்ஷினின்னு. அதுக்குக் கண்ணுல கோளாறு.

நிகத்: என்ன கோளாறு?

சக்திவேல்: இப்ப துப்பாக்கி மேல புதுசா ஒரு சைட் வந்துகீது. சின்னக் கண்ணாடி. உள்ள பாத்தா ஒரு செவப்புப் புள்ளி தெரியும். அதக் குறி மேல வச்சமா, சுட்டமான்னு போயினே இருக்கலாம். பழைய மாதிரி ஒத்தக் கண்ண மூடினு, முன்னாடி முள்ளையும் பின்னாடி ஓட்டையையும் சேத்துப் பாக்கற வேலையே கெடையாது.

கரீம்: ரெண்டு கண்ணும் தொறந்துகினா?

சக்திவேல்: ரெண்டும் தொறந்துதான்.

கரீம்: அப்ப நானே சேந்துடலாம் போலகீதே.

நிகத்: அத்தா, கொஞ்சம் சும்மா இருங்க. புள்ளிக்கு என்னண்ணா?

சக்திவேல்: அது உருண்டையா தெரியல. நெத்தில வச்ச குங்குமம் வேர்வைல கலைஞ்சா எப்டியிருக்கும்… ஒரு பக்கமா இழுத்துகினு, வால் வுட்டுகினு…

நிகத்: அந்தப் பொண்ணே சொன்னாளா, இப்படித் தெரியுதுன்னு?

சக்திவேல்: …சொல்லிச்சு.

நிகத்: சைட்லயே கோளாறா இருக்கலாமே. போன்ல ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க. போட்டோலயும் இழுத்திருந்தா சைட் மேல தப்பு. உருண்டையா இருந்தா பாக்கறவங்க கண்ணு மேல தப்பு.

சக்திவேல்: அதெல்லாம் பாத்தாச்சு. போட்டோல குண்டுமணி மாதிரி உருண்டையா கீது.

நிகத்: அப்ப சிலிண்டர் பவர். கருவிழி ஒரு பக்கமா வளைஞ்சிருக்கும். கண்ணாடி போட்டா தீந்துடும். அவளக் கூட்டிட்டு வாங்க, பத்து நிமிஷ வேலை.

சக்திவேல்: வெளிய வுட மாட்டாங்கம்மா.

கரீம்: ஞாயித்துக்கெழமைல அவுட் பாஸ் உண்டே சார்?

சக்திவேல்: அது… இப்பல்லாம் டைட்டு. நான் சொல்றத வச்சி ஒரு சீட்டு எழுதித் தர முடியாதா?

கரீம்: ஒருத்தருக்குப் பல்லு வலின்னா, இன்னொருத்தர் போயி டாக்டராண்ட வாயத் தொறந்து காட்டுவாரா?

சக்திவேல்: பாய், ஃபயரிங் டெஸ்ட்ல அது ஃபெயிலு. கண்ணு சரியில்லன்னு எழுதினா ஆறு மாசம் கழிச்சி அடுத்த பேட்ச்சோட சேந்துக்கும். இல்லன்னா, கை நடுங்குது, ட்ரிக்கர வெடுக்குனு இழுக்குதுன்னு எழுதணும். அதுக்கு இது எவ்ளோ மேல். நல்லதுக்குத்தான் கேக்கறேன்.

நிகத்: சரிண்ணா, யோசிக்கலாம். வந்ததுக்கு உங்க கண்ணயும் பாத்துடறேன். ரெண்டு வருஷமாச்சு. இப்படி உக்காருங்க.

சக்திவேல்: என் கண்ணுக்கு இன்னா? வருஷா வருஷம் மெடிக்கல்ல பாஸு.

நிகத்: அப்ப பயமே இல்ல. இடது கண்ண மூடிக்கோங்க. போர்டுல கடைசி வரி என்ன?

சக்திவேல்: டி, இ, எஃப், பி, ஓ, டி, இ, சி.

கரீம்: அடேங்கப்பா.

நிகத்: அத்தா, லைட்டப் போடுங்க.

சக்திவேல்: …இன்னாது?

கரீம்: போர்டுக்கு லைட்டே போடல சார். இருட்டுல படிச்சிட்டீங்க.

நிகத்: எல்லா ஆஸ்பத்திரிலயும் இதே எழுத்துதாண்ணா மாட்டியிருக்காங்க. மனப்பாடம் ஆயிடும். இப்ப லைட்டு எரியுது, எழுத்தும் வேற. படிங்க.

சக்திவேல்: பி… இல்ல, எஃப்பு. அப்பறம்… கொசகொசன்னு கீதும்மா.

நிகத்: புள்ளி வால் விட்டுத் தெரிஞ்சது யாருக்குண்ணா?

கரீம்: டீ சொல்லட்டா சார்?

சக்திவேல்: வாணாம் பாய்… எனக்குத்தான்.

கரீம்: ப்ளேன் போற சத்தத்துல கேக்கல.

சக்திவேல்: எனக்குத்தான்னேன். ஆறு மாசமா.

நிகத்: உங்களுக்குப் புள்ளி இழுத்துத் தெரிஞ்சா அந்தப் பொண்ணு எப்படி ஃபெயில் ஆவா?

சக்திவேல்: சைட்ட மாட்டினா ஜீரோ பண்ணணும்மா. புள்ளி எங்க கீதோ அங்கயே குண்டு விழற மாதிரி திருகித் திருகி வைக்கிறது. அவங்கவங்க துப்பாக்கிய அவங்கவங்களே பண்ணணும், ரூல் அதான். ஆனா புதுசுங்க திருகினா கெடுத்துடும்னு, டெஸ்ட்டுக்கு மொத நாளு மொத்தத்தையும் நானே பண்ணி வச்சிடுவேன். பழைய சைட் காலத்துலேந்தே என் ஸ்குவாட்ல அதான் பழக்கம். என்ன உஸ்தாத்னுதான் கூப்புடுங்க, உஸ்தாத் கை வச்சா தப்பாதுன்னு பேரு.

கரீம்: இந்த வாட்டி வால நடுவுன்னு நெனச்சித் திருகிட்டீங்க.

சக்திவேல்: பன்னண்டு துப்பாக்கியும்.

கரீம்: அப்ப பன்னண்டு பேரும்ல ஃபெயிலாவணும்?

சக்திவேல்: மத்ததுங்க கில்லாடிங்க பாய். மொத குண்டு தள்ளிப் போனவொடனே, புள்ளிய எதிர்ப்பக்கமா நவுத்தி வச்சி சுட்டுப் பாஸாயிடுச்சுங்க. இது மட்டும்… புள்ளிய நடுவுல வையின்னு நான் சொல்லிக் குடுத்தேன், நடுவுலயே வச்சிச்சு. அஞ்சு குண்டும் ஒரு காசு அகலத்துக்குள்ள விழுந்துகீது. ஆனா தள்ளி.

நிகத்: அவ்வளவு நெருக்கமா விழுந்தா சுடறவங்க மேல தப்பு இருக்குமா?

சக்திவேல்: குண்டு செதறினா ஆளு தப்பு. ஒண்ணா சேந்து தள்ளி விழுந்தா சைட் தப்பு. மொத நாள் பாடமே அதாம்மா. நான்தான் நடத்தறேன்.

கரீம்: நடத்திட்டு, அதுக்குக் கண்ணு சரியில்லன்னு சீட்டு கேட்டுகினு வந்துட்டீங்க.

சக்திவேல்: ரெண்டு மாசத்துல எனக்கு நாயப் சுபேதார் ப்ரமோஷன் பாய். கண்ணு போச்சுன்னு இப்ப தெரிஞ்சா சுடற ரேஞ்ச வுட்டுத் தூக்கி ஸ்டோர்ல போட்ருவாங்க. கம்பளி மடிச்சினு ஒக்காரணும். இருவது வருஷம் பாய், சுடறதத் தவுர எனக்கு வேற இன்னா தெரியும்? அதுக்குச் சின்ன வயசு. ஆறு மாசம் ஒரு பெருசா…

கரீம்: உங்களுக்குன்னா ப்ரமோஷன். அதுக்குன்னா ஆறு மாசம்தானே. நல்லா கீது சார் நாயம்.

சக்திவேல்: குத்திக் காட்டாதீங்க பாய். ஒரு வாரமா சோறு எறங்கல எனக்கு.

நிகத்: அண்ணா, பவர் நான் எழுதித் தரேன். கண்ணாடி போட்டா புள்ளி உருண்டையா தெரியும், நீங்க பழையபடி சுடலாம். உங்க ஆபீசருங்க என்ன முடிவு பண்ணுவாங்களோ எனக்குத் தெரியாது. ஆனா நாலு விரல் இடது பக்கமா தள்ளிப் போனதுக்கு அவ ஆறு மாசம் குடுக்கணுமா?

சக்திவேல்: …பாய், குப்பைக்கூடை எங்க கீது?

கரீம்: உங்க காலாண்டதான். எதுக்கு?

சக்திவேல்: இந்த ரிப்போர்ட்டப் போட. முக்காவாசி எழுதி எடுத்தாந்தேன், உங்க சீட்ட சேத்து வச்சா முடிஞ்சிதுன்னு.

கரீம்: கிழிச்சிப் போடுங்க சார். முழுசா கெடந்தா நாளைக்கு மனசு மாறும்.

சக்திவேல்: மாறாது. திங்கக்கெழம நானே போயி நிக்கிறேன். ஜீரோ தப்பு, பண்ணவன் நானு, அந்தப் பொண்ணுக்கு மறு டெஸ்ட் வைங்கன்றேன். ஸ்டோர்னா ஸ்டோர்… ஆமா, ஒரு நிமிசம்மா. எடதுன்னு நான் சொல்லவே இல்லியே. நாலு விரல்னும் சொல்லல.

நிகத்: அத்தா, பவர் எழுதற சீட்ட எங்க வச்சீங்க?

சக்திவேல்: பாய், நீங்க ஏன் அந்தாண்ட பாக்கறீங்க?

கரீம்: சொல்லிடு நிகத்து. இதுக்கு மேல இன்னாத்துக்கு மறைச்சினு.

நிகத்: போன ஞாயித்துக்கிழமை அவ இங்க வந்தாண்ணா. சிங்கப்பெருமாள் கோவில் ஊர்ல இருக்கற அவ வீட்டுக்குப் போற வழியில எறங்கி வந்தா. உங்க கண்ணாடி டப்பால எங்க கடை பேரு பாத்திருக்கா. சுட்ட பேப்பரக் காட்டி, தப்பு என் கண்ணுல இல்லன்னு ஒரு தடவ பாத்துச் சொல்லுங்கன்னா. பாத்தேன். ரெண்டும் ஆறுக்கு ஆறு. ஊசி கோக்கலாம்.

சக்திவேல்: பாவம்… கூட இருந்ததுங்க ஒருத்தர்கூடவா சொல்லல? கொஞ்சம் தள்ளி வச்சி சுட்டா பாஸுன்னு தெரியாமப் போச்சே அதுக்கு.

நிகத்: தெரியும்ணா. மொத குண்டுலயே தெரிஞ்சிடுச்சாம், எல்லார் குண்டும் ஒரே பக்கமா தள்ளிப் போச்சேன்னு. நானும் தள்ளி வச்சி சுட்டா பன்னண்டு பேரும் பாஸ், உஸ்தாத் கண்ணு சரியில்லன்னு யாருக்குமே தெரியாது, அடுத்த பேட்ச்சுக்கும் அவர்தானே திருகி வைப்பாருன்னா. அதனாலதான் மீதி நாலு குண்டையும் வேணும்னே நடுவுலயே வச்சி சுட்டிருக்கா.