பத்தொன்பது வயதில் மங்கிய கண்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, மருத்துவர்களே, சக்கர நாற்காலிகளிலும் ஊன்றுகோல்களோடும் வந்து இந்த அரங்கை நிறைத்திருக்கும் என் அன்புக்குரியவர்களே, வணக்கம்!

அழுதுகொண்டு பேச வேண்டிய இரங்கல் கூட்டம் இது. ஆனால் நம் டாக்டரம்மாவைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே அவருடைய உற்சாகம் என்னையும் தொற்றிக்கொள்கிறது. பொறுத்தருளுங்கள்!

நரம்பியல் பேராசிரியர் என்பது அவர் வகித்த பதவி. நீங்கள் கொடுத்த பட்டம் என்ன? 'எப்போ டாக்டர்'! உள்ளே வந்தவரை உட்காரச் சொல்லும் முன்பே, "எப்போ ஆரம்பிச்சுது?" என்பாரே! நரம்பின் உறையை உடம்பின் காவல் படையே அரிக்கும் இந்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஒருவருக்கு இருபதிலும் இன்னொருவருக்கு நாற்பதிலும் ஏன் தொடங்குகிறது? சுவாசித்த புகையா? வெயில் படாத பிள்ளைப் பருவமா?

வெயில் படாததுதான் காரணம் என்று ஒன்பது ஆண்டுகள் அடித்துச் சொன்னார் டாக்டரம்மா. நானூற்றுப் பன்னிரண்டு பேரின் விவரங்களை அலசிய புள்ளியியல்காரன் நான். வெயில் குறைவாகப் பட்டவர்களுக்கு நோய் சீக்கிரம் வந்ததாகவே தெரிந்தது. கட்டுரை தயார். அனுப்ப இரண்டே நாள்.

அன்று ஒரு தையல்கார அம்மா வந்தார். கோப்பில் நோய் தொடங்கிய வயது முப்பத்தொன்று.

"முப்பத்தொண்ணுலதான் கால் மரத்துப்போச்சு டாக்டர். ஆனா பத்தொம்பது வயசுல ஒரு கண்ணு மங்கி, ஊசியில நூல் கோக்க முடியாம ரெண்டு வாரம் திண்டாடினேன். தானா சரியாயிடுச்சு. அதையெல்லாம் யாரு கேட்டா?"

ஐம்பத்தெட்டு வயதில், படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி என் அறைக்கு ஓடி வந்தார் டாக்டரம்மா!

"நிறுத்துப்பா! அந்தம்மாவுக்குக் கண்ணு மங்கினதே இந்த நோய்தான். நாம எழுதி வச்சதெல்லாம் நோயைக் கண்டுபிடிச்ச வயசு. ஆரம்பிச்ச வயசு இல்ல!"

"நாளன்னிக்கு அனுப்பணுமே டாக்டர்…"

"தப்பை அனுப்பி என்ன பண்றது?"

எல்லோரையும் மறுபடி கேட்டோம். பதினேழு மாதங்கள்! வர முடியாதவர் வீட்டுக்கு அவரே போனார். கதவைத் திறந்த லாரி ஓட்டுநர் ஒருவர், "மறுபடியும் நீங்களா? உள்ள வாங்க, எனக்கே இப்பதான் ஞாபகம் வருது" என்றாராம்.

முடிவு? வெயில் கதை தவிடுபொடி! கணக்குத் தாளை அவரிடம் நீட்டினேன். பதின்ம வயதில் புகைபிடித்தவர்களுக்குத்தான் நோய் முந்தியிருந்தது. அவர் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"நான் சொன்னது தப்புப்பா! அப்பாடா, இப்பவாவது தெரிஞ்சுதே!"

எத்தனை பேருக்கு வரும் அந்தச் சிரிப்பு? மாநாட்டு மேடையிலும் முதல் வாக்கியமாகத் தன் தவறைத்தான் சொன்னார். புகைதான் என்று நான் துள்ளியபோது, "நானூறு பேரை வச்சு உலகத்துக்கே தீர்ப்பு சொல்லாதே" என்று தலையில் குட்டினார். ஆயிரம் பேரைக் கேட்கக் கிளம்பினார். எழுநூற்று முப்பது பேரை முடித்த வாரத்தில் அவருடைய இதயம் நின்றுவிட்டது.

ஓய்ந்துவிடுவோமா? மாட்டோம்! அவர் நம்பிய விடை வந்தாலும் எழுதுவோம், நம்பாத விடை வந்தாலும் எழுதுவோம். இது உறுதி!

நேற்றுக் காலை, இருபத்தாறு வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர் தயங்கித் தயங்கி வாசலில் நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டோம். ஒன்றரை மணி நேரம் பேசினார். ஒரு சொல் விடாமல் எழுதினோம்.

எழுநூற்று முப்பத்தொன்று!