ஸ்டேசனில் ஒரு நேர்ச்சை

போடிமெட்டு ஏறும் ஜீப்பில் என் எதிரே இரண்டு ஏலக்காய் வியாபாரிகள்.

"பம்பாய் ரயில்வே ஸ்டேசன்லதான் முட்டி போட்டு செபம் பண்ணுனேன், மாப்ளே."

"ஸ்டேசன்லயா?"

"மண்டியில சோலி முடிஞ்சு நடந்து வந்தேன். கூர் வளைவு, கலர்க் கண்ணாடி, கோபுரம். மாதா கோயில்னு நெனச்சு உள்ள போனா, கும்பிட்ட கையாட்டம் கூரை! ஒடம்பு சிலிர்த்துப்போச்சு. இங்க மக காய்ச்சல்ல நெனவில்லாமக் கெடந்தா. பொழைச்சா மெழுகுதிரி ஏத்துறேன்னு வேண்டிக்கிட்டேன்."

"பொழைக்க வச்சது ஸ்டேசன் மாஸ்டராக்கும்?"

"சிரிக்காத. அன்னைக்கே கண்ணு முழிச்சுட்டா. அவளக் கூட்டிட்டு அங்கயே போயி ஏத்தப்போறேன்."

நான் ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். ஸ்டேசனில் தீ மூட்டக் கூடாது என்ற விதி எனக்கு மனப்பாடம். அந்தக் கூரையை நானும் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். மலை ஏறி முடியும்வரை வாயைத் திறக்கவில்லை.